அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அம்மாவிலேயே கோபம் வருகிறது

கேள்வி: பரந்தன் மகள்

எனக்கு 44 வயது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அன்றிலிருந்து குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், பம்பேர்ஸ் மாற்றுதல், படுக்கைப்புண் வராதிருக்க இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் அனைத்தும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. காலபோகம் தொடங்கினால் கணவர் விடியுமுன்னரே வயலுக்குப் போய்விடுவார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கனடாவிலுள்ள அண்ணன்மார் இருவரும் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

சென்ற கிழமை நள்ளிரவில் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டபோது, "என்னைக் கொல்லாமல் விடமாட்டீர்களா?" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2009 இல், போரின் கடைசி நாட்களில், மகளை வயிற்றில் சுமந்திருந்த என்னை மாத்தளனிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் இந்த அம்மாதான். வெளியில் சொன்னால், பெற்ற தாய் பாரமாகிவிட்டாளா என்று கேட்பார்கள். நான் கெட்டவளாகிவிட்டேனா, அல்லது இதுவும் ஒரு வருத்தமா?

பதில்: புதுக்குடியிருப்பு வாசகி

தங்கச்சி, போரில் செல் (எறிகணை) பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட கணவரை 2009 முதல் நான் பார்த்து வருகிறேன். உங்கள் கோபத்தில் பாதி, நித்திரை இல்லாததால் வருவது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ஆறுதலைத் தேடுமுன் நித்திரைக்கு வழி தேடுங்கள். காற்று மெத்தை போட்டால் இரவில் புரட்டும் இடைவெளியைக் கூட்டலாமா என்று கிளினிக் தாதியிடம் கேளுங்கள். அவர் அம்மாவின் தோலைப் பார்த்துச் சொல்லட்டும். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

அயலவரிடம் பொதுவாக உதவி கேட்டால், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அம்மாவோடு இருங்கள், ஐந்து மணிக்குத் தேநீர் கொடுங்கள்" என்று நேரமும் வேலையும் சொல்லிக் கேட்டால் வருகிறார்கள். அப்படி முதன்முதலாகக் கிடைத்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குளக்கட்டில் சும்மா இருந்துவிட்டு வந்தேன். பத்து வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போகவில்லை. அவரை விட்டுவிட்டுப் போவது குற்றம் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருந்தேன். "நீ போகாமல் இருந்ததால் எனக்கு என்ன சுகம் வந்தது?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

பதில்: வவுனியா உளவளத்துணையாளர்

சகோதரி, நீங்கள் கெட்டவரல்லர். இது வருத்தமா என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்படுத்தல், பணிச்சோர்வை (burnout)த் தொழிலோடு மட்டும் சேர்த்துச் சொல்கிறது. அதை ஒரு நோயாகவும் கணக்கிடவில்லை. ஆனால் அதற்கு அங்கு கூறப்படும் அறிகுறிகள், அதாவது சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையில் வெறுப்பு வருதல், எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும், உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. வீட்டில் சம்பளமின்றிப் பார்க்கும் பெண்களை இந்த வரையறை விட்டுவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை.

மனச்சோர்வு என்பது வேறு. அது சிகிச்சையுள்ள நோய். நாளின் பெரும்பகுதியில் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, பசியும் நித்திரையும் மாறிப்போயிருந்தால், அம்மாவின் கிளினிக் நாளிலேயே உளநலப் பிரிவுக்கும் சென்று வாருங்கள். அன்றே உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்றோ அம்மாவுக்கு ஏதேனும் செய்துவிடுவேன் என்றோ எண்ணம் வந்தால், கிளினிக் நாள்வரை காத்திராமல், எந்த நேரமானாலும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னொன்று: பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் ஏற்படுகிறது. இரவில் மூன்று தடவை கூப்பிடுவது வலியாலோ, சிறுநீர்த் தொல்லையாலோ, பயத்தாலோ இருக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சிகிச்சை கிடைத்தால் உங்கள் இரவும் நீளும்.

பதில்: ஸ்காபரோ தம்பி

நான் அந்த அண்ணன்மாரின் இடத்தில் இருப்பவன். முல்லைத்தீவிலுள்ள அக்காவுக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் "அம்மா ஏன் மெலிந்துவிட்டார்?" என்று விசாரிப்பதையே கடமை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அக்கா ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை அம்மாவின் நெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகுதான் யோசித்தேன்: ஊரில் இரவு இரண்டு மணி என்றால், கோடைகாலத்தில் எங்களுக்குப் பின்னேரம் நாலரை மணி. அம்மா விழித்திருக்கும் நேரத்தில் நான் வேலை முடிந்து கார் தரிப்பிடத்தில் இருப்பேன். இப்போது அந்த நேரத்தில் அவரோடு பேசுபவன் நான்தான். கிழமையில் மூன்று இரவு ஓர் அயல்வீட்டு அம்மா வந்து படுக்கிறார். அவருக்குரிய கூலியைத் தனியாக அனுப்புகிறேன். உங்கள் அண்ணன்மாருக்கு இதை விளக்கமாகச் சொல்லுங்கள். நாங்களாக விளங்கிக்கொள்ள மாட்டோம்.

பரந்தன் மகள்

எல்லோருக்கும் நன்றி. கிளினிக் செவ்வாய்க்கிழமை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போகிறேன். பெரியண்ணனுக்கு இந்தப் பதில்களை அப்படியே அனுப்பினேன். நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை, பிறகு இன்றிரவு இரண்டு மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொலைபேசியை அம்மாவின் வலக்கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.