லைசென்ஸ் காலாவதி, கேட் தூணில் மோதிய கார்: கிளெய்ம் கிடைக்குமா?

மன்னை தாத்தா:
வயசு 68, மன்னார்குடி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு. போன வாரம் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது எங்க வீட்டு கேட் தூணிலேயே இடிச்சுட்டேன். யாருக்கும் அடியில்லை. பின் பம்பரும் டிக்கி கதவும் போச்சு. பட்டறைக்காரர் 14,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டுட்டு, கிளெய்முக்கு லைசென்ஸ் காப்பி கேட்டார். பேத்தி கார்டைப் பார்த்துட்டு, "தாத்தா, இது நாலு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு"ங்கறா.

போன தடவை 63 வயசில் புதுப்பிச்சேன். பத்து வருஷம் இருக்கும்னு நெனைச்சுட்டேன். இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷம் தவறாம கட்டுறேன், பாலிசி ஜனவரி வரைக்கும் உயிரோட இருக்கு. மாப்பிள்ளை "பாலிசி இருக்கில்ல மாமா, பயப்படாதீங்க"ன்னு சொல்றார். ஒரு புரோக்கர் "ரினீவல் முடிச்சுட்டு விபத்துத் தேதியைத் தள்ளிப் போட்டுக்கலாம்"ங்கறார். யார் சொல்றதைக் கேக்கறது?

பாலிசிப்பெட்டி:
ஐயா, புரோக்கர் பேச்சைக் கேக்காதீங்க. அது மோசடி, மாட்டினா பெயர் உங்களுடையது.

ஓன் டேமேஜ், அதாவது உங்க சொந்தக் காரோட சேதத்துக்கான கிளெய்முக்கு, விபத்து நடந்த அன்னைக்கு ஓட்டினவர்கிட்ட செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும். முன்னெல்லாம் முடிஞ்ச பிறகும் 30 நாள் செல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்தில் அதை எடுத்துட்டாங்க. இப்போ புதுப்பிச்சாலும் புதுப்பிக்கிற தேதியில் இருந்துதான் கணக்கு, நடுவுல இருக்கற நாலு மாசம் ஓட்டைதான். 14,000 உங்க கையில் இருந்துதான் போகும்.

ஒரு ஆறுதல்: அஞ்சு வருஷமா கிளெய்ம் போடாம இருந்திருந்தா நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, 50% வரை வந்திருக்கும். சின்ன சேதத்துக்குக் கிளெய்ம் போட்டா அது கழண்டுடும். நான் நல்ல லைசென்ஸ் வச்சிருக்கவங்களுக்கே சில சமயம் "விடுங்க"ன்னுதான் சொல்வேன்.

பயப்பட வேண்டியது தூணுக்கு இல்லை. அந்த நாலு மாசத்துல ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்திருந்தா? கோர்ட் இன்சூரன்ஸ் கம்பெனியை அடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லும். அதை உங்ககிட்ட இருந்து வசூல் பண்ணிக்கவும் சொல்லலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-லயே உச்ச நீதிமன்றம் பேசின விஷயம். பாலிசியோட வர்ற 15 லட்சம் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாட்டி கைகொடுக்காது. போலீஸ் நிறுத்தினா 5,000 தனி.

சிங்காநல்லூர் சித்தப்பு:
எனக்கு 72. ரினீவலுக்கு ரெண்டு தடவை போய் வந்தவன்கிற முறையில் சொல்றேன். 55 தாண்டினா ஒவ்வொரு ரினீவலும் அஞ்சு வருஷம்தான். முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ளேன்னா ஓட்டிக் காட்டச் சொல்ல மாட்டாங்க, நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க. அரசாங்கத்தோட சாரதி இணையதளத்தில் விண்ணப்பம், படிவம் 1 உங்க சுய அறிவிப்பு, 1ஏ டாக்டர் சான்று. 40 தாண்டினவங்களுக்கு 1ஏ கட்டாயம்.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரியுதா? கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கலாம். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. பார்க்காமலே கையெழுத்துப் போடற டாக்டரும் உண்டு, நான் அவர்கிட்ட போகலை. தெரியாம ஓட்டறது நான்தானே.

மன்னை தாத்தா:
எல்லாருக்கும் நன்றி. கிளெய்ம் போடலை, பட்டறைக்காரர் 12,500-க்கு இறங்கினார். டாக்டர் கிளினிக் வாசலில் நிக்க வச்சு, எதிர்ப்பக்கம் நின்ன ஸ்கூட்டர் நம்பரைப் படிக்கச் சொன்னார். வலது கண்ணு தடுமாறிச்சு, புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுப் படிச்சுக் காட்டின பிறகுதான் 1ஏ-யில் கையெழுத்து. விண்ணப்பம் போட்டாச்சு.

லைசென்ஸ் வர்ற வரை சாவி வீட்டம்மா அஞ்சறைப்பெட்டியில். தஞ்சாவூருக்கு பஸ்தான். மாப்பிள்ளை மட்டும் இன்னும் "பாலிசி இருந்துச்சே மாமா"ன்னு சொல்லிக்கிட்டிருக்கார்.