ரோடு வேலைப் பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்தவங்க, போனவங்க: ராமநாதபுரம் கடற்கரைக்காரங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

உச்சிப்புளிக்காரன்

ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரு கூட்டம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கீழக்கரையிலிருந்து பெரியபட்டினம் போகும் வழியில் ஒரு ஊர். ரோலர், பேவர் (தார்க்கலவையை விரிக்கும் மிஷின்), எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர், சர்வே ஹெல்பர், லேபில் தரம் சோதிக்கும் ஆள் என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்தோம். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம், முடித்தால் வேலை.

முன்வரிசையில் ஒரு உம்மா. பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி வாப்பா, நாங்க எவ்வளவு கட்டணும்?" என்றார்.

"ஒரு பைசா வேணாம்மா."

அந்த நொடியில் முகம் மாறியது பாருங்கள். மடியிலிருந்த மஞ்சள் பையை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மகனுடைய பாஸ்போர்ட் ஜெராக்ஸை உள்ளே தள்ளி, பையை இறுக்கிச் சுருட்டினார். "சும்மா தர்றாங்கன்னா பின்னாடி என்னமோ இருக்கு, எந்திரி" என்று மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பின்னாலேயே பாதிக் கூட்டம் எழுந்தது. அந்தப் பையனை கத்தாருக்கு அனுப்ப ஏஜெண்டிடம் முன்பணம் கட்டிவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

மண்டபம் மச்சான்

யோசிக்க ஒன்றுமில்லை அண்ணே. அந்த உம்மா கேட்டதுதான் சரி. நான் அந்த இலவசத்துக்குப் போனவன்.

சர்வே ஹெல்பர் பயிற்சி. லெவல் மிஷினை ஸ்டாண்டில் மாட்டி, குமிழியை நடுவில் கொண்டுவந்து, ஸ்டாஃபில் (அளவுக் கம்பில்) ரீடிங் எடுத்து, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து கணக்குப் போடுவது வரை நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். சைட்டுக்குப் போன முதல் நாளே கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். டைவர்ஷனில் நின்று வண்டிகளை மாற்றி மாற்றி விடணும். மாதக்கணக்கில் அதே வேலை.

ஒரு நாள் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். எனக்கு வேலை கிடைத்துவிட்டதற்குச் சாட்சியாக ஒரு போட்டோ வேண்டுமாம். கொடியைக் கீழே வைக்கச் சொல்லி, புது ஹெல்மெட் மாட்டி, ரோலர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார். "ஸ்டியரிங்கைப் பிடிப்பா, கொஞ்சம் சிரி." எடுத்தார். இறங்கச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றி, எனக்கு அடுத்து நின்ற பையன் தலையில் மாட்டினார். எங்கேயோ ஒரு ஃபைலில் நான் இன்னும் ரோலர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சூப்பர்வைசர்

மண்டபம் தம்பிக்கு ஒரு வார்த்தை. கொடி பிடிப்பதும் வேலைதான். ஈசிஆரில் ராத்திரி மீன் லாரி வருகிற வேகத்துக்கு, கொடிக்காரன் ஒரு நிமிஷம் போனைப் பார்த்தால் ரோலர் ஆபரேட்டர் உயிர் போய்விடும். கம்பெனியையே திட்டுகிறீர்களே, பையன்கள் செய்வதையும் சொல்லுங்கள்.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்தச் சமயத்தில் ஆள் வேண்டும் என்றால் வரிசையில் வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களைத்தான் பேவருக்குப் பின்னால் கலவையைச் சமப்படுத்தும் ரேக் பிடிக்கப் பழக்கினேன். கலவை எங்கே குறைகிறது, எங்கே மேடு தட்டுகிறது என்று கண்ணாலேயே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். ஜூன் 14 காலையில் சைட்டுக்குப் போனால் ஒருத்தனையும் காணோம். எல்லோரும் படகுக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டார்கள். பேவர் தயார், டிப்பர்கள் சூடான கலவையோடு வரிசையாக நிற்கின்றன, தார்ப்பாயை விலக்கினால் ஆவி குறைந்துகொண்டே வருகிறது. ஆறிப்போன கலவை மேல் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. அடுத்த மழையில் பெயர்ந்துவிடும். திருப்பி அனுப்பிய லோடுக்கான காசை என் கணக்கில்தான் எழுதினார்கள்.

மண்டபம் மச்சான்

61 நாளைக்கு மட்டும் கூலி கொடுத்தால் 62ஆவது நாள் கடலுக்குத்தான் போவான் அண்ணே. நிரந்தரம்னு ஒருத்தனுக்காவது சொன்னீங்களா?

சாயல்குடி டிப்ளமோ

லோடு ஆறுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். டிப்ளமோ சிவில் முடித்து, அப்புறம் பயிற்சியும் முடித்து, தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். நாங்கள் போட்ட கலவை பிளான்ட்டிலிருந்து 150, 160 டிகிரியில் கிளம்பும். பேவருக்கு வரும்போது 140க்குக் கீழே இருக்கக் கூடாது.

அன்றைக்கு டிப்பரில் ஏறித் தெர்மாமீட்டரைச் செருகினேன். 118. இன்னொரு இடத்தில் செருகினேன், அதற்கும் கீழே. டிரைவர் அண்ணன், "வழியில ரயில்வே கேட்டு தங்கச்சி, நான் என்ன பண்றது" என்றார், பாவம். சைட் இன்ஜினியர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் ரிஜிஸ்டரில் 118 என்று எழுதி, "சார், இதில ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, கொட்டிடலாம்" என்று நீட்டினேன். பேனாவை வாங்கினார். எண்ணைப் பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "லோடைத் திருப்பு" என்றார்.

சீக்கிரமே என்னை கான்கிரீட் க்யூபை உடைத்துச் சோதிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. சைட்டில் கழிப்பறை கிடையாது, காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்புவேன். பயிற்சியில் ஹெல்மெட் மாட்டுவதற்கு அரை நாள் பாடம் எடுத்தார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வெயிலில் தார் பக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் நின்று பார்த்தால்தான் தெரியும். பெண்கள் ஏன் வருவதில்லை என்று கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள்.

ஐடிஐ வாத்தியார் (ஓய்வு)

என் அனுபவம் சின்னது. பாம்பன் பஸ் ஸ்டாப்பில் என் பழைய மாணவன் ஒருவன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். வேலையை விட்டு வந்துவிட்டான், ஒரிஜினல் மார்க்‌ஷீட் கம்பெனியில் மாட்டிக்கொண்டது.

ஆகவே தம்பிகளே, சொல்கிறேன். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். சம்பளம் பேங்க் கணக்குக்கு வரட்டும். பிஎஃப் பிடிக்கிறோம் என்றால் யூஏஎன் எண்ணை (உங்கள் பிஎஃப் கணக்கு அடையாள எண்) வாங்கி பாஸ்புக்கை நீங்களே பாருங்கள். பிடித்தும் கட்டாதவர்கள் உண்டு. 18 வயது ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். டிப்பர் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் 20 வயது வரை பொறுக்க வேண்டும், அதற்கு முன் சட்டம் விடாது. அதுவரை எக்ஸ்கவேட்டர் பக்கத்தில் ஹெல்பராக நின்று, கிரீஸ் அடிக்கவாவது பழகுங்கள். அப்புறம் கான்கிரீட். நம் பக்கத்தில் கடல் தண்ணீர் சும்மா கிடைக்கிறது என்று க்யூரிங்குக்கு (கான்கிரீட்டை நனைத்து இறுக வைக்க) ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்றுவிடும். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988இல் திறந்தது. உப்புக்காற்றில் நிற்கும் பாலத்துக்குப் பராமரிப்பு வேலை ஓயாது. அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் ஊரிலேயே பிழைக்கலாம். இன்னொன்று, ஆங்கிலத்தில் டிராயிங் படிக்க...

தனுஷ்கோடி வேன்

ஐயா, கேட்டது அனுபவம். நீங்க சிலபஸே போட்டுட்டீங்க :)

1964 புயலுக்கு அப்புறம் அரிச்சல்முனைக்கு ஒழுங்கான ரோடு 2017இல்தான் வந்தது. அதுவரை மணலில் வேன் ஓட்டித்தான் எங்கள் பிழைப்பு. அந்த ரோட்டைப் போட வந்தவர்களே என்னைத் தண்ணீர் லாரி ஓட்டக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு சாயங்காலம், நான் தண்ணீர் அடித்த இடத்திலேயே எங்கள் சங்கத்து வேன் ஒன்று மணலில் புதைந்து நின்றது. லாரியால் கட்டி இழுத்துவிட்டேன். அந்த அண்ணன் நன்றி சொல்லவில்லை. "நல்லாப் போடுடா ரோட்ட" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பழைய சூப்பர்வைசர்

சாயல்குடி தங்கச்சி, பரமக்குடி ராமநாதபுரம் நாலு வழிச்சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு, 46.7 கிலோமீட்டர். வேலை சூடு பிடித்தால் லேபுக்கு ஆள் தேடுவார்கள். தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கவா?

சாயல்குடி டிப்ளமோ

சொல்லுங்கண்ணே. கழிப்பறை இருக்கான்னு முதல்ல கேட்டுட்டுச் சொல்லுங்க.