இன்டர்நேஷனல் கோல்ஃப் போட்டியை மூடியது டைகரா?

பச்சைப்புல்: "டைகர் வுட்ஸ் ஒரு தடவைகூடப் போகாததால்தான் கொலராடோவின் தி இன்டர்நேஷனல் செத்தது" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1998, 1999 இரண்டு வருடமும் அந்தப் போட்டி நடந்த காஸில் பைன்ஸ் மைதானத்தில் ஆடினார். இரண்டு தடவை!

மணற்குழி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1986 முதல் 2006 வரை நடந்த போட்டியில் இரண்டு தடவை தலையைக் காட்டினால் ஆடியதாகக் கணக்கா? அப்புறம் எட்டியே பார்க்கவில்லை. ஸ்பான்சர் கிடைக்காமல் 2007 பிப்ரவரியில் போட்டியை நடத்திவந்த ஜாக் விக்கர்ஸ் கையை விரித்தார். டைகர் வராத போட்டிக்கு எவன் காசு போடுவான்?

பச்சைப்புல்: "ஒரு தடவைகூட" என்றீர்களா, இல்லையா? இரண்டு தடவை. டைகர் போகாத எத்தனையோ போட்டிகள் இன்றும் நன்றாகத்தான் நடக்கின்றன.

ஓரமாய்நிற்பவன்: டைகரை விடுங்கள். அந்தப் போட்டியின் அழகே புள்ளி முறைதான். ஒரு குழிக்கு விதித்த அடிகளில் ஒன்று குறைத்து முடித்தால் (பர்டி) 2, இரண்டு குறைத்தால் (ஈகிள்) 5, மூன்று குறைத்தால் (அல்பட்ராஸ்) 8. ஓர் அடி கூடினால் (போகி) 1 கழியும், அதற்கு மேல் போனால் 3. 2002 கடைசி நாளில் 17ஆவது குழியில் ஸ்டீவ் லோரி அல்பட்ராஸ் அடித்து 8 புள்ளி அள்ளினார். அப்படியும் ரிச் பீமிடம் ஒரே புள்ளியில் தோற்றார்!

பழையமட்டை: அது கோல்ஃபா, கேரம் போர்டா? 6,000 அடிக்கு மேல் மலை, மெல்லிய காற்று, பந்து தானாகப் பறக்கிறது. இதில் புள்ளி வேறு. அடியை எண்ணினால்தான் கோல்ஃப்.

ஓரமாய்நிற்பவன்: அதே பீம் இரண்டே வாரத்தில், அடியை எண்ணும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் டைகரையே ஓர் அடியில் முந்தினார் ஐயா. டி20 இழையிலும் உங்களுக்கு இதே புலம்பல்தான்.

பழையமட்டை: அந்த இழையில் பதில் சொல்லாமல் ஓடியவர் பேசுகிறார்.

மணற்குழி: திசை திருப்பாதீர்கள். 2007 ஜூலை 4 வாரம் இன்டர்நேஷனலுக்கு ஒதுக்கியது. அது காலியானதும் அங்கே வந்து உட்கார்ந்தது யார் போட்டி? டைகர் நடத்திய ஏடி அண்ட் டி நேஷனல்!

பச்சைப்புல்: காலியானதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். மூடிய செய்தி பிப்ரவரியில், டைகர் போட்டி அறிவிப்பு மார்ச்சில். மார்ச்சில் வந்தவர் பிப்ரவரியில் எப்படிக் கொன்றார்? கடைசி வருடங்களில் பெயர் ஸ்பான்சரே இல்லாமல் விக்கர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தது தெரியுமா? அதெல்லாம் கிடக்கட்டும். இரண்டு தடவை. திருத்துங்கள்.

மணற்குழி: திருத்த மாட்டேன். நீங்கள் டைகர் ரசிகர் மன்றத் தலைவர் என்று ஊருக்கே தெரியும்.

பச்சைப்புல்: நான் மிக்கெல்சன் ஆள். அவர் அங்கே 1993, 1997 இரண்டு வருடமும் ஜெயித்தவர். டைகருக்கு அங்கே ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆடினார். இரண்டு தடவை.

ஓரமாய்நிற்பவன்: 2024இல் காஸில் பைன்ஸுக்கு பிஎம்டபிள்யூ சாம்பியன்ஷிப் வந்ததே, யாராவது பார்த்தீர்களா? கீகன் பிராட்லி ஜெயித்தார்.

பழையமட்டை: அடியை எண்ணித்தான் ஜெயித்தார், கவனித்தீர்களா?

ஓரமாய்நிற்பவன்: அமெரிக்காவின் ரீனோ நகரத்து கோல்ஃப் போட்டி 2012இல் இதே புள்ளி முறைக்கு மாறியதே, அதையும் கவனித்தீர்களா?

பழையமட்டை: பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வேறு ஊரில் ஆடிய வாரத்தில் நடந்த போட்டிதானே? நல்ல சான்று.