மீன் தொட்டிக் கண்ணாடியில் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள், கூடவே நூல் மாதிரி புழு: என்ன செய்வது?

திண்டுக்கல்_கப்பி:
வணக்கம். வீட்டில் 2 அடி தொட்டி, ஏறக்குறைய 55 லிட்டர். கப்பி மீன்களும் குஞ்சுகளும், கொஞ்சம் செர்ரி ஷ்ரிம்ப் (சின்ன இறால்), ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா செடிகள். சில நாட்களாகக் கண்ணாடியில் ரவையை விடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். நின்று நின்று துள்ளுகின்றன. இரவில் டார்ச் அடித்தால் மெல்லிய வெள்ளைப் புழுக்களும் தெரிகின்றன. கடையில் கேட்டதற்கு, "தண்ணிய முழுசா மாத்துங்க, இந்த நீல மருந்த ஊத்துங்க, ஒரு டேங்க் கிளீனர் மீன் விடுங்க" என்றார்கள். மருந்து வாங்கியாச்சு, இன்னும் ஊற்றவில்லை. 4 வயது மகள் அடிக்கடி தொட்டியில் கை விடுவாள், அந்தப் பயமும் இருக்கிறது.

பழைய_தொட்டிக்காரன்:
மருந்தை அப்படியே ஓரமாக வையுங்கள் தம்பி. நீல மருந்து பெரும்பாலும் மெத்திலின் ப்ளூதான். இந்தப் பூச்சிகளுக்கு அது மருந்தே இல்லை. ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கெடுக்கும். வேறு ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் லேபிளில் காப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஷ்ரிம்ப் போய்விடும்.

துள்ளுவது சைக்ளாப்ஸ். பெண் பூச்சிக்கு வாலருகே இரண்டு முட்டைப் பை தொங்கும், லென்ஸ் வைத்தால் தெரியும். உருண்டையாக எள் மாதிரி ஓடினால் ஆஸ்ட்ரகாட். இரண்டும் தீங்கில்லாதவை, குஞ்சுகளுக்கு நல்ல சாப்பாடும்கூட. ஆனால் கப்பி இருக்கிற தொட்டியில் சைக்ளாப்ஸ் இப்படிப் பெருகுகிறது என்றால் கப்பிகளுக்கு ஏற்கனவே வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். தீனி யார் போடுகிறார்கள்?

புழு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அது தண்ணீரில் நெளிந்து நெளிந்து நீந்துகிறதா, இல்லை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நத்தை மாதிரி வழுக்கிப் போகிறதா? தலை எப்படி இருக்கிறது? இது தெரியாமல் எந்த மருந்தும் வேண்டாம்.

திண்டுக்கல்_கப்பி:
அண்ணா, நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை நெளிகிறவைதான், தலை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் மூலையில் மூன்று நான்கு வழுக்கிப் போகின்றன. தலை அம்பு முனை மாதிரி, அதில் இரண்டு கரும்புள்ளி. தீனி நான் காலையில் போடுவேன், அப்பா மதியம் போடுவார், பாப்பா ஆசைப்பட்டால் சாயங்காலமும் உண்டு.

பழைய_தொட்டிக்காரன்:
மூன்று வேளையா! நம் வீட்டு மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடைக்காது.

நெளிகிறவை கழிவுப் புழுக்கள். எப்போதும் ஜல்லிக்குள் இருப்பவைதான். மிச்சத் தீனி அழுகி ஆக்ஸிஜன் குறையும்போது மேலே ஏறி வரும், அப்போதுதான் நம் கண்ணில் படும். சைஃபன் குழாயை ஜல்லிக்குள் குத்தி அழுக்கை உறிஞ்சி, கால்வாசி தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடியும். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்கிய பிறகு ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. ஆரோக்கியமான பெரிய கப்பிக்கு ஒன்றும் ஆகாது.

அம்புத் தலை இருப்பது பிளனேரியா. அது வேறு கதை.

ஷ்ரிம்ப்_பைத்தியம்:
பிளனேரியாவைக் கண்ணாடியில் வைத்து நசுக்காதீர்கள் ப்ரோ. துண்டானால் துண்டுகளும் புழுவாக வளரும். பெரிய மீனை ஒன்றும் செய்யாது. ஷ்ரிம்ப் குஞ்சும், தோல் உரித்து மெத்தென்று இருக்கும் ஷ்ரிம்பும்தான் மாட்டும். மூடியில் ஊசித் துளை போட்ட சின்ன பாட்டிலில் ஒரு துணுக்கு கோழி இறைச்சி போட்டு ராத்திரி தொட்டியில் இறக்குங்கள். காலையில் உள்ளே கூடியிருக்கும், அப்படியே வெளியே எடுத்துவிடலாம். மூன்று நான்குதான் என்றால் இதுவே போதும்.

பெருகிவிட்டால் ஃபென்பென்டசோல். மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் குடற்புழு மருந்து. ஷ்ரிம்ப் தாங்கும், ஆனால் நெரைட், ஆப்பிள் நத்தைகள் தாங்காது. புழு மொத்தமாகச் செத்தாலும் தண்ணீர் கெடும், உடனே மாற்ற வேண்டும்.

பாக்கு_வெற்றிலை:
பிளனேரியாவுக்கு என்றே வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பொடியில் நம்ம பாக்கின் சாறுதான் சரக்கு. அப்போ கொட்டைப்பாக்கை ஊறவைத்து ஊற்றினால் என்ன?

ஷ்ரிம்ப்_பைத்தியம்:
ஐயா வேண்டாம். பாக்குக்குப் பாக்கு வீரியம் மாறும், அளவு சொல்லவே முடியாது. நத்தைக்கும் அது விஷம்.

மருத்துவமனை_செவிலி:
பாப்பா விஷயம். சைக்ளாப்ஸ் என்றதும் எங்கள் ஆச்சி காலத்து நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோய் ஞாபகம் வந்தது. அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்த சைக்ளாப்ஸைக் குளத்துத் தண்ணீரோடு குடித்துத்தான் அது வந்தது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2000லேயே சான்று கிடைத்துவிட்டது. தொட்டிப் பூச்சியால் அந்தப் பயம் இல்லை. ஆனால் மீன் தொட்டியில் வேறு கிருமிகள் உண்டு. கையில் புண் இருந்தால் விடவே கூடாது. இல்லாவிட்டாலும் கையை எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வாயில் வைக்க விடாதீர்கள்.

பழைய_தொட்டிக்காரன்:
டேங்க் கிளீனர் பற்றிச் சொல்ல விட்டுவிட்டது. அந்த சக்கர் மீன் இந்தப் புழு எதையும் தேடித் தின்னாது. ஒரு அடிக்கு மேல் வளரும், 2 அடி தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. அப்புறம் ஜனங்கள் அதை ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இன்று வலை போட்டால் கெண்டைக்குப் பதில் அதுதான் வருகிறது என்று மீனவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வாங்காதீர்கள்.

திண்டுக்கல்_கப்பி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை சைஃபன் போட்டாச்சு, தீனி ஒரு வேளைதான். துள்ளுகிறவை நன்றாகக் குறைந்துவிட்டன, கப்பிகள் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கின்றன. பாட்டிலில் முதல் ராத்திரி ஏழு பிளனேரியா. ஒரே ஒரு சந்தேகம்: பாட்டிலை எத்தனை நாள் வைப்பது? இறைச்சி நாறாதா?

ஷ்ரிம்ப்_பைத்தியம்:
விளக்கு அணைத்ததும் போடுங்கள், காலையில் விளக்குப் போடும் முன் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் புதுத் துணுக்கு. தொடர்ந்து ஒரு வாரம் காலியாக வந்தால் நிறுத்தலாம். பிடித்தவற்றை வாஷ்பேசினில் ஊற்றாமல் உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொட்டுங்கள்.