மின்சாரக் கார் டெலிவரிக்கு வந்திட்டுது: இப்ப எடுக்கிறதா, தை மட்டும் பிந்துறதா?

பரந்தன்சந்தி

வணக்கம். முற்பணம் கட்டி வைச்ச மின்சாரக் கார் கொழும்புக்கு வந்திட்டுதாம். ரெண்டு கிழமைக்குள்ள மிச்சக் காசைக் கட்டி எடுக்கச் சொல்லி ஷோரூம்காரர் நெருக்கினம். 50 யூனிற் (கிலோவாட் மணி) எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரி, சி.சி.எஸ் 2 வகைச் சார்ஜிங் சொக்கற், வீட்டுச் சார்ஜிங் கூடினது 7 கிலோவாட்.

வீடு பரந்தனில, வேலை முல்லைத்தீவில. ஏ35 ஆல போக வர நாளுக்குக் கிட்டத்தட்ட 100 கி.மீ., கிழமையில அஞ்சு நாள். மாதத்தில ஒருக்காக் கொழும்பு. வீட்டுக்கு சிங்கிள் பேஸ் 30 அம்பியர் கனெக்சன். கார் விடுற கொட்டில் மீற்றரில இருந்து 30 மீற்றர் தள்ளி. கறண்ட் இப்ப மாதம் 90 யூனிற் மட்டில போகுது. ஐப்பசி, கார்த்திகை மழையும் வருது. இப்பவே எடுக்கலாமோ, இல்லாட்டி தை மட்டும் பிந்தச் சொல்லிக் கேக்கிறது நல்லதோ?

மீற்றர்ப்பெட்டி

காரை விடுங்கோ, முதல் வீட்டு லைனைப் பாருங்கோ. 7 கிலோவாட் சார்ஜர் எண்டா 32 அம்பியர். உங்கட கனெக்சனே 30. அதோட ஃபிரிஜ்ஜும் கிணத்து மோட்டரும் ஓடினா மெயின் விழும். ஷோரூமில சார்ஜரையும் சேத்து விக்கப் பாப்பினம், அவசரப்பட்டுத் தலையாட்டாதேங்கோ.

உங்களுக்கு 7 கிலோவாட் தேவையும் இல்லை. 100 கி.மீ. ஓட, ஏ.சி. போட்டு அளவான வேகத்தில போனா 16, 17 யூனிற். சார்ஜ் ஏறேக்க வீணாப் போறதையும் சேத்து மீற்றரில 18.5 எண்டு வையுங்கோ. 10 அம்பியரில ஏத்தினா 2.3 கிலோவாட், எட்டு மணித்தியாலம். 16 அம்பியரில 3.7 கிலோவாட், அஞ்சு மணித்தியாலம். இரவில கார் சும்மாதானே நிக்குது. அதால 16 அம்பியர் தாராளம்.

ஆனா அந்த 16 அம்பியரை இருக்கிற பிளக் பொயின்ற்றில இருந்து எடுக்கக் கூடாது. காரோட வாற கைச்சார்ஜரை 13 அம்பியர் சதுரப் பிளக்கில குத்தி 10 அம்பியரில விட்டாலே எட்டு மணித்தியாலம் ஓயாமல் இழுக்கும். கேத்தில், அயன்பொக்ஸ் போல அஞ்சு நிமிசத்தில நிக்கிற சாமான் இல்லை. பிளக்குக்குள்ள இருக்கிற ஃபியூஸ் சூடாகும், சொக்கற்றுக்குள்ள இருக்கிற பித்தளை நாக்கு இளகும், இளகினா இன்னும் சூடாகும். சொக்கற்றுக்கு முன்னால நிண்டு பாக்கேக்க வலது பக்க ஓட்டையைச் சுத்தி மண்ணிறமாய் வந்தா அதுதான் முதல் அறிகுறி. அதோட நிப்பாட்டிப் போடவேணும்.

செய்ய வேண்டியது: மெயின் போர்ட்டில இருந்து கொட்டிலுக்குத் தனி லைன். 7/0.67 வயர் (0.67 மி.மீ. கம்பி ஏழு சேந்தது) போட்டா 30 மீற்றருக்கு 16 அம்பியரில 7 வோல்ட் மட்டில விழும். 7/1.04 போட்டா 3 வோல்ட். ரெண்டாவதையே போடுங்கோ, பிறகு சார்ஜரைப் பெரிசாக்கினாலும் வயரைக் கிளப்பத் தேவையில்லை. குழாய்க்குள்ள விட்டு ஒண்டரை அடி ஆழத்தில புதையுங்கோ. மேலால இழுத்தா மழைக்கு முந்திக் குரங்கு அறுத்துப் போடும். 20 அம்பியர் பிரேக்கர் தனியாய். 16 அம்பியர் பிரேக்கரில 16 அம்பியரை மணித்தியாலக் கணக்காய் இழுத்தா எங்கட வெக்கைக்கு அது விழுந்துகொண்டே இருக்கும்.

ட்ரிப் சுவிட்சும் தனியாய் வேணும், அதுவும் 30 மில்லி அம்பியர் 'ஏ' வகை. வீட்டில இருக்கிறது அநேகமாய் 'ஏ.சி.' வகைதான். காரில இருந்து டி.சி. கசிவு கொஞ்சம் வந்தாலே அது செயலிழந்து போகும், ஒருத்தருக்கு ஷொக் அடிச்சாலும் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் டி.சி. கசிவைப் பிடிக்கிற அமைப்பு இருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ.

ஏர்த்தையும் அளவுங்கோ. சோளகக் காத்து அடிக்கிற காலத்தில நிலம் காய்ஞ்சு ஏர்த் கம்பி வேலை செய்யாது, சார்ஜர் 'ஏர்த் இல்லை' எண்டு காட்டிக்கொண்டு நிக்கும். கனபேர் காரில பிழை எண்டு ஷோரூமுக்கு ஓடுறது இதுக்குத்தான். ஏர்த்தின்ர தடை 10 ஓமுக்குக் கீழ வர வேணும். வராட்டி இன்னொரு கம்பி அடிச்சு ரெண்டையும் இணையுங்கோ.

மீற்றர்ப்பெட்டி

பில்லை விட்டிட்டன். மாதம் 22 நாள் ஓடினா 400 யூனிற் மட்டில, வீட்டுக்கு 90, மொத்தம் 500 க்குக் கிட்ட. வீட்டுக் கட்டணத்தில 180 க்கு மேல போற ஒவ்வொரு யூனிற்றும் ஆகக் கூடின படியில விழும். அதால மூண்டு பேஸ் 30 அம்பியருக்கு மாறி, நேரப்படி கட்டணத்துக்கு விண்ணப்பியுங்கோ. அதில இரவு 10.30 இல இருந்து விடிய 5.30 மட்டும் மலிவு. உங்கட அஞ்சு மணித்தியாலம் அந்த ஏழுக்குள்ள வடிவாய் அடங்கும். பின்னேரம் 6.30 இல இருந்து 10.30 மட்டும் விலை கூட. முழு வீட்டுக்கும் அந்தக் கணக்குத்தான், அந்த நேரத்தில மோட்டர் போடுற பழக்கத்தையும் மாத்த வேணும்.

சோலார் போடலாமோ எண்டு அடுத்ததாய்க் கேப்பீங்கள். பகலில கார் முல்லைத்தீவில நிக்கும். கூரையில வாறது லைனுக்குப் போய்க் கணக்கிலதான் கழியும், நேராய் காருக்குள்ள ஏறாது. அது வேற கணக்கு.

என்ர அபிப்பிராயம், லைன் வேலை முடியாமல் காரை எடுக்காதேங்கோ.

ஓமந்தைக்காரன்

ஷோரூம்காரர் ஏன் அவசரப்படுத்தினம் எண்டதை விளங்கிக்கொள்ளுங்கோ. 2020 பங்குனியில நிப்பாட்டின தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி 1 இல திறக்கேக்க ஒரு விதி போட்டவை: கொண்டு வந்த வாகனத்தை 90 நாளுக்குள்ள பதிய வேணும், பிந்தினா இறக்குமதி செய்தவர் மாதாமாதம் தாமதக் கட்டணம் கட்ட வேணும். அவையின்ர மணிக்கூடு ஓடுது, உங்கட இல்லை. அதே நேரம் உங்கட வண்டியை வேற ஆளுக்குக் குடுக்கவும் அவைக்கு ஏலும்.

தைக்குப் பிந்தச் சொல்லிக் கேக்கிறதில எனக்கு உடன்பாடு இல்லை. வரி வர்த்தமானியில மாறுறது, ஒரு இரவில மாறும். பிந்தினா 'விலை கூடினாலும் குறைஞ்சாலும் இந்த விலைதான்' எண்டு எழுத்தில வாங்க வேணும். வாய்ப்பேச்சு உதவாது.

கடுதாசியில முக்கியமானது மோட்டர் கிலோவாட். மின்சாரக் காருக்கு உற்பத்தி வரி மோட்டர் வலுவில போடுறது. 50, 100, 200 கிலோவாட்டில படி மாறும். சுங்கக் கடுதாசியில ஒரு எண்ணும், கம்பனிக் கைநூலில வேற எண்ணும் இருந்தா பிறகு வாற தலையிடி உங்களுக்குத்தான். சுங்கப் பத்திரம், செசித் தகடு, பதிவுக்குக் குடுக்கிற படிவம் மூண்டிலயும் கிலோவாட், செசி நம்பர், உற்பத்தி வருசம் ஒண்டாய் இருக்கோ எண்டு பாருங்கோ. பார்க்க விடமாட்டம் எண்டா காசு கட்டாதேங்கோ.

உத்தரவாதம் ஆர் குடுக்கினம்? கம்பனியின்ர அங்கீகாரம் பெற்ற முகவரோ, தனியாய் இறக்கினவரோ? பற்றரிக்கு 8 வருசம் எண்டு சும்மா சொல்லுவினம். எத்தினை வீதத்துக்குக் கீழ இறங்கினா மாத்துவினம், எந்தத் திகதியில இருந்து கணக்கு, பழுது வந்தா வண்டியைக் கொழும்புக்குத் தூக்கிக் கொண்டு போற செலவு ஆருக்கு, மூண்டும் எழுத்தில. வன்னியில இருக்கிறவைக்கு மூண்டாவதுதான் பெரிசு.

எடுக்கிற அண்டைக்குப் பகல் வெளிச்சத்தில போங்கோ. முதல் 12 வோல்ட் பற்றரி: கப்பலிலயும் யார்ட்டிலயும் மாதக்கணக்காய் நிண்ட காரில முதல் சாகிறது அதுதான். காரை நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் விட்டு மீற்றர் வைச்சுப் பாக்க 12.5 க்குக் கீழ எண்டா மாத்தித் தரச் சொல்லுங்கோ. ரயரில நாலு இலக்கம் இருக்கும், 3225 எண்டா 2025 இன் 32 ஆவது கிழமை. நாலு ரயரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில செய்ததாய் இருக்க வேணும்.

பெரிய பற்றரியை 100 வீதம் ஏத்தி வைக்கச் சொல்லி முதல் நாளே சொல்லுங்கோ. எல்.எஃப்.பி யில நடுவில வோல்ட்டேஜ் தட்டையாய் இருக்கும், செல்லுக்குச் செல் வித்தியாசம் தெரியாது. முழுசாய் நிரம்பக் கிட்டத்தான் நொண்டிச் செல் தன்னைக் காட்டும். ஓ.பி.டி கருவி (காரின்ர கணினியை வாசிக்கிறது) போட்டு அந்த நேரத்தில பாக்க வேணும். அரைச் சார்ஜில பாத்திட்டு 'எல்லாம் ஒண்டு' எண்டு சொல்லுறதில பிரயோசனம் இல்லை.

டி.சி. (வேகச்) சார்ஜரில பத்து நிமிசமாவது ஏத்திக் காட்டச் சொல்லுங்கோ. டிக்கியைத் திறந்து கைச்சார்ஜரின்ர பிளக் எங்கட சொக்கற்றுக்குப் பொருந்துதோ, சீனாப் பிளக்கோ எண்டும் பாருங்கோ. ஸ்பெயார் சில்லு கனக்க மொடலில இல்லை, ஒட்டுப் பசைப் போத்தல்தான் தருவினம். கிரவல் றோட்டில கல்லு ரயரின்ர பக்கச் சுவரைக் கிழிச்சா அந்தப் பசை ஒண்டும் செய்யாது. ஒரு ஸ்பெயார் சில்லுக்கு இப்பவே பேரம் பேசுங்கோ.

பரந்தன்சந்தி

ரெண்டு பேருக்கும் நன்றி. மோட்டர் 100 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல எண்டு போட்டிருக்கினம், கடுதாசி கேட்டிருக்கிறன். மழையைப் பற்றியும் கொழும்பு ஓட்டத்தைப் பற்றியும் ஆராவது சொல்லுங்கோ. கறண்ட் போனா காரில இருந்து கிணத்து மோட்டரை ஓட்டலாம் எண்டும் ஷோரூமில சொல்லிச்சினம்.

இரணைமடுவான்

மழைக்காகப் பிந்தத் தேவையில்லை. பற்றரிப் பெட்டி ஐ.பி 67 எண்டா ஒரு மீற்றர் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் வைச்சுச் சோதிச்சது. அது புதுப் பெட்டிக்கு, நிண்ட தண்ணிக்கு. அதை வைச்சுக்கொண்டு ஆத்துக்குள்ள இறக்காதேங்கோ. இரணைமடு வான்கதவு திறந்து தண்ணி றோட்டைக் குறுக்கறுத்து ஓடுற நேரம் கார் மிதந்து இழுபடும். ஓடுற தண்ணி எண்டா இறங்கவே வேண்டாம். நிண்ட தண்ணி எண்டாச் சில்லின்ர நடுக் குமிழுக்கு மேல வந்தால் திரும்புங்கோ. தண்ணி கெடுக்கிறது பற்றரியை விட மற்றதுகளைத்தான்: கம்பளத்துக்குக் கீழ போற வயர்ச் சொருகல், ஃபியூஸ் பெட்டி, கியர்ப் பெட்டி மூச்சுக்குழாய். கியர் ஒயில் பால் நிறமாய் மாறினாத் தண்ணி போயிருக்கு, உடன மாத்த வேணும். காப்புறுதியில வெள்ளச் சேதம் தனியாய் எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, 'முழுக் காப்புறுதி' எண்ட சொல்லை நம்ப வேண்டாம்.

மழையை விட இடிதான் எனக்குப் பயம். ஐப்பசியில பின்னேர இடி ஒண்டு லைனில விழுந்தா காருக்குள்ள இருக்கிற சார்ஜர் போகும், அது சின்னக் காசு இல்லை. மெயின் போர்ட்டில இடிதாங்கி, அதாவது சேர்ஜ் அரெஸ்டர், ரெண்டாம் வகை போடுங்கோ. இடி முழங்கினாப் பிளக்கைக் கழட்டுங்கோ.

கிணத்து மோட்டர் கதை சரிவராது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடேக்க 5, 6 அம்பியர்தான், ஆனா கிளம்பேக்க அதைப் போல நாலஞ்சு மடங்கு இழுக்கும். கார் வெளியில குடுக்கிறது 10, 15 அம்பியர் மட்டில. உடன நிண்டிடும். ஃபிரிஜ், ஃபான், லைற் ஓட்டலாம். அந்த வயரை வீட்டுச் சொக்கற்றில குத்தி வீடு முழுக்க ஓட்டிற வேலை மட்டும் வேண்டாம். லைன் திருத்த ஏறினவர் கம்பத்தில நிப்பார், உங்கட கறண்ட் அவருக்கு அடிக்கும்.

கொழும்பு உங்கட இடத்தில இருந்து 340 கி.மீ. மட்டில. 100 வீதத்தோட வெளிக்கிட்டா அனுராதபுரத்தில பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும், குருநாகலில 20 வீதத்துக்குக் கிட்ட. 'பாதி இருக்குத்தானே' எண்டு அனுராதபுரத்தைத் தாண்டிப் போய், குருநாகலில சார்ஜர் பழுது எண்டு நிக்கிறவைதான் கூட. அனுராதபுரத்திலயே கொஞ்சம் ஏத்துங்கோ. ஆப்பில பச்சையாய்க் காட்டுதெண்டு நம்பாமல் வெளிக்கிட முந்திப் போன் அடியுங்கோ. 50 கிலோவாட் சார்ஜரில 20 இல இருந்து 80 வீதம் வர முக்கால் மணித்தியாலம் மட்டில. 80 க்கு மேல றோட்டில நிண்டு ஏத்திறது நேர வீண்.

தகரக் கொட்டில் எண்டா நாலு பக்கமும் காத்து வர விடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா 100 மட்டும் ஏத்துங்கோ, காரின்ர சார்ஜ் மீற்றர் சரியாய்க் காட்ட அது வேணும். ஆனா நிரப்பி விட்டிட்டு ஊருக்குப் போகாதேங்கோ. இதை வாசிக்கிற வேற ஆராவது பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் எடுக்க யோசிச்சா, அதில பற்றரியைக் குளிராக்கிற ஏற்பாடு இல்லை, சார்ஜிங் சொக்கற்றும் வேற. எங்கட வெய்யிலுக்குப் பற்றரி நிலையைப் பாக்காமல் தொடாதேங்கோ.

மீற்றர்ப்பெட்டி சொன்னதில ஒரு திருத்தம். மூண்டு பேஸ் வர நாள் எடுக்கலாம், தனி லைன் ரெண்டு நாள் வேலை. தனி லைனைப் போட்டுக் காரை எடுங்கோ. மூண்டு பேஸ் வாற மட்டும் ஒண்டு ரெண்டு மாதம் பில் கூட வரும், அவ்வளவுதான்.

மீற்றர்ப்பெட்டி

அதுக்கு நான் எதிர்ப்பு இல்லை, தனி லைன் இல்லாமல் எடுக்க வேண்டாம் எண்டதுதான் என்ர பேச்சு. மின்சாரசபைக்கு விண்ணப்பத்தை இந்தக் கிழமையே குடுங்கோ.

பரந்தன்சந்தி

சரி. விலையை எழுத்தில கேட்டு மூண்டு கிழமை தவணை கேக்கிறன். வயர்க்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாச்சு, 7/1.04 தான். பிரேக்கர்ப் பெட்டியைக் கொட்டில் தூணில வைக்கலாமோ?

மீற்றர்ப்பெட்டி

பிரேக்கர் மெயின் போர்ட்டிலதான், வயர் தொடங்கிற இடத்தில. தூணில சார்ஜரும் நிப்பாட்டிற சுவிட்சும் மட்டும். அதுவும் மேற்குப் பக்கத் தூண் வேண்டாம், பின்னேர வெய்யில் நேராய் அடிக்கும். நிலத்தில இருந்து நாலரை அடி உயரத்தில பூட்டுங்கோ. வயர் உள்ள போற துளை பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாய் இருக்க வேணும், மேலால ஓட்டை போட்டா முதல் மழையிலயே தண்ணி இறங்கும்.