20 மாத வண்டியின் கதவு விளிம்பில் துரு: தேய்த்துப் பெயிண்ட் வைக்கலாமா?

கேள்வி

வணக்கம். ஏழு இருக்கைகள் கொண்ட வண்டி ஒன்றைக் குடும்பத்துக்காகப் புதிதாக வாங்கி 20 மாதங்கள் ஆகின்றன. இதுவரை விபத்து எதிலும் சிக்கியதில்லை, வெளியே எங்கும் பெயிண்ட் வேலை செய்ததில்லை, ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிட்டதில்லை. கடற்காற்று எட்டும் தூரத்தில் குடியிருக்கிறோம் என்பதையும், வண்டி திறந்த வெளியில்தான் நிற்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக் குழந்தையின் இருக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கதவின் அடிவிளிம்பில் தகடு உள்பக்கமாக மடியும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்ட் சிறு சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்ததைப் பார்த்தேன். நகம் பட்டதும் ஒரு கொப்புளம் உடைந்து செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டியது. அதன் பிறகு மனம் கேட்காமல் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டி முழுவதையும் சுற்றிப் பார்த்தேன். டிக்கிக் கதவின் கீல் போல்ட்டுகளைச் சுற்றி மெல்லிய துருக்கோடு இருக்கிறது. பானெட்டின் மேல் கடுகைவிடச் சிறிய ஆரஞ்சு நிறப் புள்ளிகள் இருக்கின்றன. குனிந்து பார்த்தால் சைலன்சர் குழாயின் இணைப்புகளும் பின் ஆக்சிலும் செம்மண் பூசியதைப் போலத் தெரிகின்றன. மழை பெய்த மறுநாள் காலையில் பிரேக் டிஸ்க்குகளும் துரு நிறத்தில்தான் இருந்தன.

சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, இது சுற்றுப்புறக் காற்றால் வருவது என்றும் வாரண்டியில் சேராது என்றும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, அடிப்பகுதி முழுவதற்கும் துருத்தடுப்புக் கோட்டிங் அடித்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார்கள். என் கணவரோ, உப்புத்தாளால் தேய்த்து டச்-அப் பெயிண்ட் வைத்துவிட்டால் போதும் என்கிறார். இவற்றில் எதற்கு நான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் அம்மா. டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கதவு விளிம்பில் தயவுசெய்து இப்போது உப்புத்தாளை வைக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன், நீங்கள் பயந்திருக்கும் விஷயங்களில் பாதியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பிரேக் பேட் உரச வேண்டிய பரப்பு என்பதால் அதன் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. ஓர் இரவு ஈரத்திலேயே மேலாகத் துரு படரும். வண்டியை எடுத்து நான்கைந்து முறை பிரேக்கை அழுத்தியதும் அது போய்விடும். சைலன்சர் இணைப்புகள் தினமும் கொதித்து ஆறுகிற இடம், அங்கே நிறம் மாறாத வண்டியை நான் பார்த்ததே குறைவு. பின் ஆக்சில் தடித்த இரும்பு; மேல் துரு பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதை அரித்துத் தீர்க்க நெடுங்காலம் ஆகும்.

பானெட்டில் உள்ள புள்ளிகளுக்கு ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்டிக்கால் ஆன பம்பரிலும் அதே புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆகவே அங்கேயும் இருந்தால், அவை காற்றில் பறந்து வந்து பெயிண்டின் மேல் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்கள்தான். ரயில் தண்டவாளம், வெல்டிங் வேலை, பிரேக் தேய்மானம் ஆகியவற்றிலிருந்து இப்படி வரும். இதற்கென்று விற்கும் இரும்பு நீக்கித் திரவத்தைத் தெளித்தால் துகள் கரைந்து ஊதா நிறத்தில் வழியும். நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

கவலைக்குரியது கதவு விளிம்பு மட்டுமே. கதவு என்பது ஒரே தகடு அன்று. உள்தகட்டின் ஓரத்தை வெளித்தகடு சுற்றிக்கொண்டு, புடவைக்குக் கரை மடித்துத் தைப்பது போல, இறுக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் வண்டிக்கூட்டை முழுவதுமாகப் பெயிண்ட் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சை ஏற்றுவார்கள். ஆனால் அந்த மடிப்பின் ஆழத்துக்குள் அந்தப் பூச்சு சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் மடிப்பின் ஓரம் நெடுகப் பசை போன்ற சீலண்ட் ஒன்றை இழுத்து அடைப்பார்கள். அந்த சீலண்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மடிப்பு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், உள்ளே இடம் போதாமல் பெயிண்டைத் தூக்குகிறது. நீங்கள் பார்த்த கொப்புளம் அதுதான். துரு தொடங்கிய இடம் உள்ளே இருக்கிறது, உங்கள் உப்புத்தாள் வெளியே நிற்கிறது.

மேலும், பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடிப் பருமனை ஒட்டிய கணக்கு அது. இரண்டு நிமிடம் தேய்த்தால் நல்ல பூச்சும் போய், அதற்கடியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதுவும் போய், வெறும் இரும்பு வெளியே வந்துவிடும். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பது. அதைச் சுரண்டி எறிவது காவலாளியை நாமே அனுப்பிவிடுவது போன்றது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் நீள்வாட்டத் துளைகள் வைத்திருப்பார்கள். அவை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துளைக்குள் கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டையை மட்டும் நுழையுங்கள். இரும்புக் கம்பி கீறிவிடும்.

இரண்டாம் பதில்

முன்னவர் சொன்னதோடு வாரண்டி பற்றி நானும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதே அலைச்சலை நானும் பட்டிருக்கிறேன். வாரண்டிக் கையேட்டில் துருவைப் பற்றிய பகுதி பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும். தகடு உள்ளிருந்து வெளியே துளைபடும் அளவுக்கு அரிப்பு வந்தால் அதற்கு நீண்ட காலம் தருவார்கள். மேற்பரப்புத் துருவுக்கும் பெயிண்ட் குறைபாட்டுக்கும் வேறு, குறைந்த காலம் இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை என்பதால், அந்தக் காலம் முடிவதற்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஓடிய கிலோமீட்டர் தெரியும் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் செய்யும் வேலையையும் பதியும் சீட்டு) அவர்கள் "பெயிண்ட் புகார்" என்று பொதுவாக எழுதப் பார்ப்பார்கள். எந்தக் கதவு, எந்த விளிம்பு, எத்தனை சென்டிமீட்டர், உள்ளிருந்து எழும்பிய கொப்புளம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், கையேட்டின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். எனக்கும் முதலில் வாயால்தான் மறுத்தார்கள்; எழுத்தில் கேட்ட பிறகு பேச்சு மாறியது.

ஆனால் வேலை கிடைத்ததோடு நான் அசந்துவிட்டேன். மேலே தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். எட்டாம் மாதம் அதே இடத்தில் கொப்புளம் திரும்பி வந்தது. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதும், துருவின் மேல் அதை வைத்தால் ஈரத்தைச் சேர்த்துக் கட்டி வைத்ததாகவே ஆகும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே என்ன செய்யப்போகிறார்கள் என்பதை வேலைக்கு முன்பே கேளுங்கள்.

மூன்றாம் பதில்

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் கடைகளில் கிடைக்கிறதே, அதைத் தடவிவிட்டால் இவ்வளவு சிரமம் எதற்கு? என் பழைய வண்டியின் அடிச்சட்டத்தில் அதைத்தான் பூசினேன், இன்றும் நன்றாக இருக்கிறது.

முதல் பதிலளித்தவர்

அடிச்சட்டத்துக்கு நீங்கள் செய்தது சரிதான். அந்தத் திரவத்தில் உள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து கெட்டியான படலமாக மாற்றும். ஆனால் அது தொட்ட துருவைத்தான் மாற்றும். திறந்த, தடித்த பரப்பில் தூரிகை எல்லா இடத்தையும் தொடுகிறது, மடிப்புக்குள் தொடாது. கதவின் கொப்புளத்துக்கு மேல் அதைப் பூசினால் வாரண்டிக்குக் காட்ட வேண்டிய தடயமும் மறைந்துவிடும். அதனால் இந்த வண்டிக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பம்பரைப் பார்த்தேன், பிளாஸ்டிக்கின் மேலும் அதே ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கவலை தீர்ந்தது.

கதவின் அடியில் மூன்று துளைகள் இருந்தன. நடுவில் உள்ளது மண்ணும் மக்கிய இலையும் சேர்ந்து கல் போல அடைத்திருந்தது. டையை இரண்டு முறை உள்ளே விட்டு எடுத்ததும், தேநீர் நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. கடைசியாக மழை பெய்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு விரலால் சீலண்டின் ஓட்டத்தைத் தடவிப் பார்த்தேன். கொப்புளம் இருக்கும் மூலையில் அது இரண்டு விரற்கடை தூரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. மற்ற மூன்று கதவுகளிலும் அது முனைவரை தொடர்ந்து செல்கிறது, அங்கே கொப்புளமும் இல்லை. நான்கு மூலைகளையும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி இரண்டு சந்தேகங்கள். அடிப்பகுதிக்குக் கோட்டிங் அடிக்கலாமா? டிக்கிக் கீல் போல்ட்டை என்ன செய்வது?

முதல் பதிலளித்தவர்

அந்த நான்கு படங்கள் உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆதாரம். தண்ணீர் தேங்கியது பராமரிப்புக் குறை என்று அவர்கள் வாதிடலாம். தேங்கிய தண்ணீர் மடிப்புக்குள் நுழைய வழி கொடுத்தது சீலண்ட் நின்றுபோன இடம்தான் என்று நீங்கள் காட்டலாம். சரியான வேலை என்றால், பூச்சை நல்ல இரும்பு தெரியும்வரை எடுத்து, மடிப்பைக் காய வைத்து, எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சு கொடுத்து, மூலை வரை புது சீலண்ட் இழுத்து, அதன் பிறகே நிறமும் அதன் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சும் அடிக்க வேண்டும். முடிந்தபின் கதவின் உள்ளே, துளைகள் வழியாக, இடுக்குகளில் ஊர்ந்து பரவும் மெழுகைத் தெளிக்கச் சொல்லுங்கள். மடிப்புக்குள் துரு ஆழமாகப் போயிருந்தால் கதவையே மாற்றக் கேட்பதில் தவறில்லை.

கீல் போல்ட்டில் நடப்பது வேறு. வண்டிக்கூடு பெயிண்ட் ஆன பிறகு கதவை நேராக்க ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது போல்ட்டின் முனையில் பெயிண்ட் உடையும். துடைத்து, காய வைத்து, அதே மெழுகைச் சிறு தூரிகையால் தடவினால் போதும்.

கோட்டிங் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தார், ரப்பர் வகைக் கோட்டிங் கெட்டியான போர்வை போல மூடும். உப்பும் ஈரமும் இருக்கும் பரப்பின் மேல் அதை அடித்தால் இரண்டையும் உள்ளே வைத்துத் தைத்ததாக ஆகிவிடும்; மேலே கறுப்பாக அழகாக இருக்கும், கீழே தகடு போய்க்கொண்டிருக்கும். ஒரே நாளில் கழுவி, அன்றைக்கே அடித்து அனுப்பிய வண்டிகளில் சில ஆண்டுகளுக்குப் பின் கோட்டிங்கைச் சுரண்டியபோது, தகடு அப்பளம் போல் உதிர்ந்ததை என் கையால் எடுத்திருக்கிறேன். மெழுகு, லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) வகைகள் மென்மையாகவே இருந்து இடுக்குகளில் ஊர்ந்து போகும். ஆனால் அவ்வப்போது மீண்டும் அடிக்க வேண்டும். எதுவானாலும் வாரண்டி வேலை முடிந்த பிறகு, காய்ந்த பருவத்தில், கழுவி முழுவதும் உலர்ந்த வண்டியில் அடிக்கச் சொல்லுங்கள். வடிகால் துளைகள், பிரேக், சைலன்சர், ரப்பர் புஷ்கள், சென்சார்கள் ஆகியவற்றின் மேல் படக்கூடாது.

உப்பைப் பற்றி ஒன்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். கடற்காற்றில் வந்து படிந்த உப்பு, மழையே இல்லாத நாளிலும் தகட்டை நனைத்து வைத்திருப்பது இதனால்தான். மேலே துடைத்துப் பளபளப்பாக்குவதைவிட, சக்கர வளைவுகளின் உள்பக்கத்தையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி அலசுவது உங்கள் வண்டிக்கு அதிகம் உதவும். ஈரமான வண்டியைக் காற்றுப் புகாத உறையால் மூட வேண்டாம். கால் மிதியடியைத் தூக்கி, கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்தால் தளம் உள்ளிருந்து அரிக்கும், அதை யாரும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. சர்வீஸில் வண்டியை லிப்டில் ஏற்றும்போது, உலோக பிரேக் பைப்புகளில் குழி விழுந்த துரு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அடியில் தடித்த இரும்பின் மேல் துருவைப் பொறுத்துக்கொள்ளலாம், பிரேக் பைப்பின் துருவை ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி கேட்டவர்

கார்பெட் காய்ந்துதான் இருக்கிறது. இன்று காலை நான்கு படங்களோடு மீண்டும் சென்று, மூலை, நீளம், சீலண்ட் இடைவெளி எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிட்டேன். நிறுவனத்துக்கு அனுப்பி அனுமதி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்; மறுத்தால் எழுத்தில்தான் தர வேண்டும் என்பதையும் அதிலேயே குறிக்கச் செய்தேன். கோட்டிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதில் வரும்வரை அந்தக் கதவின் துளைகளை வாரம் ஒருமுறை என் கணவர் பார்த்துக்கொள்கிறார்; உப்புத்தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.