கார்னிவலா, வெல்ஃபயரா, எம்9-ஆ: கடைசி வரிசையை வைத்துச் சொல்லுங்கள்

நண்பர்களே, ஏழு பேருக்கான சொகுசு வேன் தேர்வில் கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர், எம்ஜி எம்9 மூன்றும் நிற்கின்றன. நடு வரிசை பற்றிக் கேள்வியே இல்லை, மூன்றிலும் கால் நீட்டிச் சாயலாம். (ஷோரூமில் எல்லாரும் மயங்குவது அங்கேதான்.) சந்தேகமெல்லாம் பின்வரிசையில்.

கார்னிவலில் அது மடங்கித் தரைக்குழிக்குள் இறங்கிவிடும்; இருக்கையை நிமிர்த்தினால் அந்தக் குழி பெட்டிகளுக்கு. வெல்ஃபயரில் இரு பாதியாகப் பக்கவாட்டில் ஏறி நிற்கும். ஏழு பேரும் ஏறியபின் 28 அங்குலப் பெட்டி எத்தனை நிற்கிறது? அளந்து பார்த்தவர்கள் சொல்லவும்.

அடுத்து எஞ்சின். கார்னிவல் 2.2 லிட்டர் டீசல். தினம் நாலைந்து கிலோமீட்டர் பள்ளி ஓட்டம் மட்டும் என்றால் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) போதிய சூடேறாமல் கரி அடைக்கும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டினால் போதுகிறதா? வெல்ஃபயர் 2.5 ஹைப்ரிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, விலைதான் ஏறக்குறைய இரட்டிப்பு. எம்9-க்கு 90 கிலோவாட் மணி பேட்டரி; சோதனைக் கணக்கில் 548 கி.மீ. ஏழு பேர், முழு ஏசி, 100 கி.மீ. வேகம் என்றால் அது எவ்வளவாகச் சுருங்குகிறது?

சறுக்குக் கதவின் தடத்தில் மணல் சேர்ந்து, கதவு பாதியிலேயே திரும்பிவிடுவது எதில் அதிகம் என்றும் எழுதுங்கள்.